கேட்டிருந்தால் கொடுத்திருப்போம்

முட்டையைச் சொல்லலாம். பாலைச் சொல்லலாம். ரொட்டி, பழம், மாடி அறை, கட்டில், எல்லாவற்றையும் சொல்லிவிடலாம். போர்வையை மட்டும் சொல்ல மாட்டேன். அது இவர்கள் கணக்கில் வரக் கூடாது.

"மேடம், கேள்வி புரிஞ்சுதா?" என்று கேட்டார் விசாரணை அதிகாரி.

"புரிஞ்சுது. காலையில முட்டை கொடுத்தேன்."

"அவிச்சதா, பொரிச்சதா?"

கேலி செய்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அந்த அம்மாவுக்குச் சளி பிடித்திருந்தது. மூக்கை ஒற்றிக்கொண்டே உண்மையாகப் பதிலுக்குக் காத்திருந்தார். கையில் எடுத்துச் சாப்பிடக்கூடியது சிற்றுண்டி, அதைப் பயிற்சியாளர் தரலாம். தட்டும் கரண்டியும் கேட்பது உணவு, அதைத் தரக் கூடாது. கல்லூரி விளையாட்டுச் சம்மேளனத்தின் விதிகளில் இதுவும் ஒன்று.

"ஒரு நாள் அது, ஒரு நாள் இது."

"சரி. ரெண்டும்னு வெச்சுக்கறேன்."

மேசை நடுவில் ஒலிப்பதிவுக் கருவியின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. என் பக்கத்தில் கல்லூரியின் வக்கீல். "நான் கல்லூரிக்குத்தான் வக்கீல், உங்களுக்கு இல்ல. அதை முதல்லயே சொல்லிடறது என் கடமை" என்று உள்ளே வரும்போதே சொல்லியிருந்தார். அப்படியென்றால் எனக்கு யார் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வருத்தப்பட்டிருப்பார், நல்ல மனிதர்.

நடந்தது இவ்வளவுதான். நான் பெண்கள் நெடுந்தூர ஓட்ட அணியின் பயிற்சியாளர். போன விடுமுறையில் விடுதியைப் பூட்டிவிட்டார்கள். என் அணியில் ஒருத்திக்குப் போக இடமில்லை. அவளை என் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். விடுதி திறக்கும்வரை இருந்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள், ஓடினாள். அதற்குப் பிறகு நடந்த கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டியில் முதலாவதாக வந்தாள். மற்ற மாணவர்களுக்குக் கிடைக்காத ஒன்று விளையாடுகிறவளுக்கு மட்டும் கிடைத்தால் அது சலுகை. சலுகை பெற்றவள் தகுதியிழந்தவள். தகுதியிழந்தவள் ஓடிய ஓட்டம் ஓட்டமே இல்லை.

சம்மேளனம் எங்கள் கல்லூரிக்கு முட்டைக்காக வரவில்லை. கால்பந்துக்காக வந்தது. ஆண்கள் அணியின் பெரிய ஆட்டக்காரர்கள் தங்களுடையது அல்லாத கார்களில் சுற்றுவதும், அவர்களுடைய தேர்வை வேறு கை எழுதுவதும் ஊரறிந்த விஷயம். கார் கொடுத்தவர் கல்லூரியின் புரவலர், கார் வியாபாரி. அரங்கத்தின் கிழக்குப் பக்கத்துக்கு அவர் பெயர்தான். விசாரணைக்கு அழைத்தார்கள். நேரமில்லை என்றுவிட்டார். சம்மேளனத்துக்குப் போலீஸ் அதிகாரம் கிடையாது. கல்லூரியில் சம்பளம் வாங்குகிறவர்களும் படிக்கிறவர்களும் மட்டும்தான் பதில் சொல்லியாக வேண்டும்; வாயை மூடிக்கொண்டால் அதுவே தனிக் குற்றம். ஆக, பதில் சொல்லியே தீர வேண்டியவர்கள்தான் தண்டனைக்குள் வர முடியும். தேர்வு எழுதிக் கொடுத்தவன் படிப்பை முடித்துக்கொண்டு எங்கேயோ போய்விட்டான். வியாபாரிக்கு நேரமில்லை. மிச்சம் நான்.

"இந்த விஷயம் உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது?" என்று கேட்டேன். கேள்வி கேட்பது என் வேலை இல்லை என்று வக்கீல் கண்ணால் சொன்னார்.

அதிகாரி மறைக்கவில்லை. "கல்லூரியே முன்வந்து தெரிவிச்சுது. விளையாட்டுத் துறை இயக்குநர் நேர்ல வந்து சொன்னார். அந்த ஒத்துழைப்பை நாங்க கணக்குல எடுத்துக்குவோம்."

விளையாட்டுத் துறை இயக்குநர் என் அத்தான். கூடப் பிறந்த அக்காவின் கணவர்.

என் முகத்தில் என்ன தெரிந்ததோ, அதிகாரி தண்ணீர்க் குவளையை என் பக்கம் நகர்த்தினார்.

"இன்னொரு கேள்வி. இது விதியில இல்ல. ஆனா நோக்கம் தெரியணும். இந்தப் பொண்ணு ஓடாதவளா இருந்திருந்தா, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருப்பீங்களா?"

உடனே 'ஆமாம்' என்று சொல்லியிருக்க வேண்டும். எந்த மனுஷியும் சொல்லியிருப்பாள். எனக்கு வாய் வரவில்லை. விடுதியில் விடுமுறைக்குப் போக இடமில்லாத பெண்கள் இன்னும் இருந்திருப்பார்கள். அவர்கள் எங்கே போனார்கள் என்று நான் இன்றுவரை விசாரித்ததில்லை. இவளுடைய கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு தெரிந்ததைப் பார்த்தேன், நிஜம். ஆனால் கடைசிச் சுற்றில் வேகம் விழுவதையும் பார்த்தேன். இரண்டில் எது முதலில் கண்ணில் பட்டது என்று இப்போது பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை. நானும் ஒரு காலத்தில் ஓடியவள். எப்போதும் நான்காவதாக வந்தவள். மேடையில் மூன்று படிகள்தான் இருக்கும்.

"பதில் சொல்லத் தெரியல" என்றேன்.

அதிகாரி தலையாட்டினார். அவர் முகத்தில் முதன்முறையாக மரியாதை போன்ற ஒன்று வந்து போனது. பிறகு, எழுதுகோலைக் கீழே வைத்துவிட்டு, வீட்டு மனுஷியைப் போலச் சொன்னார்: "ஒரு மெயில் போட்டிருந்தா போதும் மேடம். விடுதி மூடறப்போ இடமில்லாத பிள்ளைகளுக்குன்னே தனி விலக்கு இருக்கு. கேட்டவங்க யாருக்கும் நாங்க இல்லைன்னு சொன்னதில்ல. கேட்டிருந்தா கொடுத்திருப்போம்."

அவர் நகர்த்தி வைத்த தண்ணீரை ஒரே மூச்சில் குடித்தேன்.

"கல்லூரியில யாரையாவது கேட்டீங்களா?" என்றார், மறுபடி எழுதுகோலை எடுத்துக்கொண்டு. "இது முக்கியம். பொறுப்புல இருக்கற ஒருத்தர் சரின்னு சொல்லி, அதை நம்பி அந்தப் பொண்ணு வந்திருந்தா, தப்பு கல்லூரியோடது. அவ மேல ஒண்ணும் வராது, தொடர்ந்து ஓடலாம். யாரும் அனுமதிக்கல, விதி தெரிஞ்சே வந்தான்னா, இனிமே எந்தக் கல்லூரிக்காகவும் அவ ஓட முடியாது."

வக்கீல் இருமினார். அவருக்குச் சளி கிடையாது.

"இதை நாளைக்குக் காலையில தொடரலாமே" என்றார்.

*

அத்தானின் அறைக்குப் போகும் வழியில், நடைக்கூடத்துச் சுவரிலிருந்து ஒருவர் ஏணிமேல் நின்று பலகையைக் கழற்றிக்கொண்டிருந்தார். 'பெண்கள் ஓட்டம், முதலிடம்' என்று போட்டு, கீழே வருடம். திருகாணிகளை வாயில் கவ்வியிருந்ததால் எனக்கு வணக்கம் சொல்ல முடியாமல் புருவத்தை மட்டும் உயர்த்தினார். பலகை இருந்த இடத்தில் சுவர் வெளிறிக் கிடந்தது.

தீர்ப்பே இன்னும் வரவில்லை.

"வாம்மா சின்னவளே, உக்காரு" என்றார் அத்தான். அக்காவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து நான் அவருக்குச் சின்னவள்தான். மேசைமேல் ரத்த அழுத்த மாத்திரை அட்டை. உண்மையிலேயே இளைத்திருந்தார். அதையும் நான் பார்க்க வேண்டியிருக்கிறது.

"பலகையைக் கழட்டறாங்க" என்றேன்.

"நான்தான் சொன்னேன். இங்க பாரு, இது ஒரு முறை. எல்லாக் கல்லூரியும் செய்யறதுதான். அவங்க தண்டிக்கறதுக்கு முன்னாடி நம்மை நாமே தண்டிச்சுக்கணும். பெண்கள் ஓட்டக் கோப்பையைத் திருப்பிக் கொடுக்கறோம். அணிக்கு அடுத்த வருஷம் உதவித்தொகையைப் பாதியாக்கறோம். ஒரு வருஷம் வெளியூர்ப் போட்டி கிடையாது. கேட்டதுக்கு மேலயே கொடுத்துட்டா, 'பாருங்க, எவ்வளவு நேர்மை'ம்பாங்க. அடி எங்க விழணும்னு நாமளே காட்டிட்டா, அங்கதான் விழும்."

"கால்பந்து?"

"கால்பந்துல ஆதாரம் இல்லையே." இதைச் சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது. "அந்த அரங்கத்துல வர்ற கூட்டத்துலதான்மா உன் பொண்ணுங்க போடற ஷூவே வருது. கால்பந்து படுத்தா எல்லாரும் படுக்க வேண்டியதுதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோட போகட்டும்."

"தலைப்பாகை யாரு அத்தான்?"

அவர் மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ இல்ல. உனக்கு ஒரு எச்சரிக்கை, அதோட சரி. வேலைக்கு ஒண்ணும் ஆகாது, அதுக்கு நான் பொறுப்பு. நாளைக்கு ரெண்டே விஷயம்தான் சொல்லப் போறே. யாரையும் கேட்கல. கூடாதுன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொன்னேன், அவதான் கெஞ்சினா."

"உங்களைக் கேட்டேனே."

"எப்போ?"

கேட்ட விதத்தில் துளி நடிப்பு இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் வீட்டில், மத்தியானச் சாப்பாடு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன். சம்மேளனத்துக்கு எழுதிக் கேட்கலாமா என்றும் கேட்டேன். துண்டில் கையைத் துடைத்தபடியே சொன்னார்: "எழுதிக் கேட்டா நம்ம பக்கம் திரும்பிப் பார்ப்பாங்க. இப்போ கால்பந்து இருக்கற நிலைமையில அவங்க பார்வையே இந்தப் பக்கம் வேண்டாம். சும்மா கூட்டிட்டுப் போ. ஒரு வாய்ச் சோத்தை யாரு வந்து எண்ணப் போறா?"

கால்பந்தைக் காப்பாற்றத்தான் நான் கேட்காமல் இருந்தேன். இப்போது கேட்காமல் இருந்ததை வைத்துத்தான் கால்பந்தைக் காப்பாற்றுகிறார்கள். விலக்கு கேட்டால் கிடைக்கும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரிந்திருக்காது. இத்தனை வருடம் இந்தத் துறையில் இருப்பவர்களுக்கு விதிகளிடமிருந்து ஒளிந்துகொண்டு வாழத் தெரியும். விதியிடம் போய்க் கேட்டால் அது சரி என்று சொல்லக்கூடும் என்பது எங்கள் யாருக்கும் தோன்றுவதே இல்லை.

"அந்தப் பொண்ணுக்கு உதவித்தொகை போனா விடுதி போயிடும். விடுதி போனா படிப்பு போயிடும்" என்றேன்.

"வயசு இருக்கு. வேற ஏதாவது பண்ணிக்குவா."

"என்ன பண்ணிக்குவா?"

"அதெல்லாம் நாம யோசிச்சு முடியுமா?" என்றார் அத்தான். எழுந்து வந்து என் தோளைத் தட்டினார். "போய்த் தூங்கு. முகமெல்லாம் எப்படி இருக்கு பாரு."

*

அணியில் அவளுக்குப் பெயர் கொக்கு. ஓட்டத்துக்கு முன்னால் ஒரு காலை மடக்கிப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் அசையாமல் நிற்பாள்; யாரோ வைத்த பெயர் ஒட்டிக்கொண்டது. விசாரணை முடியும்வரை மைதானத்துக்குள் கால் வைக்கக் கூடாது என்று உத்தரவு. அதனால் கம்பி வேலிக்கு வெளியே, சாலையோரம், உள்ளே அணி ஓடும்போது அதே நேரத்தில் அவளும் ஓடிக்கொண்டிருந்தாள். லாரிகள் ஒலியெழுப்பிக்கொண்டு போயின. உள்ளே ஓடுகிற பெண்கள் வேலியோரம் வரும்போதெல்லாம் வேகத்தைக் குறைத்தார்கள், அவளுக்கு இணையாக வருவதற்காக. நான் திட்டவில்லை.

விசாரணையைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது. அதுவும் விதி. அணியை அனுப்பிவிட்டு வேலிப் பக்கம் போனேன். அவள் மறுபுறம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

"தார் ரோட்டுல ஓடாதே. முழங்கால் போயிடும்."

"முழங்காலை வெச்சு என்ன மேடம் பண்ணப் போறேன்?"

"வாய் நீளுது."

"காலும் நீளம்தானே" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "எங்கிட்டயும் கேட்டாங்க மேடம். அவிச்சதா, பொரிச்சதான்னு. எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அந்த அம்மா கோவிச்சுக்கல."

"இதையெல்லாம் பேசக் கூடாது."

"தெரியும். ஒண்ணே ஒண்ணு. நான் ஓடாதவளா இருந்தா நீங்க கூட்டிட்டுப் போயிருப்பீங்களான்னு கேட்டாங்க."

வேலியின் கம்பி வெயிலில் சுட்டது. கையை எடுக்காமல் வைத்திருந்தேன்.

"என்ன சொன்னே?"

"மாட்டாங்கன்னு சொன்னேன்." அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். என்னைக் குத்துவதற்காகச் சொல்லவில்லை. "உண்மைதானே மேடம்? அதுல என்ன இருக்கு? எங்க வீட்டுல நான் ஓடினாலும் இடமில்ல, ஓடாட்டியும் இடமில்ல. ஓடினா ஒரு வீட்டுல இடம் கிடைக்குதுன்னா, ஓடிட்டுப் போறேன்."

அவளுடைய அம்மாவின் இரண்டாவது கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் அவளுக்கு என்ன நடந்தது என்று நான் கேட்டதில்லை. கதவுக்கு முதுகைக் காட்டித் தூங்க மாட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெரியும். என் வீட்டில் இருந்தபோது, ஒருநாள் விடியற்காலை பயிற்சிக்கு எழுப்ப மாடிக்குப் போனேன். கதவைப் பார்த்தபடி, முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, போர்த்தாமல் கிடந்தாள். இறுதிப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. எழுப்பித்தான் ஆக வேண்டும். என் போர்வையை எடுத்து வந்து போர்த்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு கீழே இறங்கிவிட்டேன். அன்றைக்குப் பயிற்சி இல்லை. என் வாழ்க்கையில் யாருடைய பயிற்சியையும் நான் அப்படி விட்டதில்லை.

அதை இப்போது அவளிடம் சொல்லியிருக்கலாம். 'பார், நீ ஓடாத ஒரு காலையிலும் உன்னை வைத்திருந்தேன்' என்று சொல்லியிருக்கலாம். சொன்னால், அது எனக்கு நானே எழுதிக்கொள்ளும் நற்சான்றாகிவிடும் என்று தோன்றியது. சொல்லவில்லை.

"இன்னொண்ணும் கேட்டாங்க" என்றாள். "யாராவது சரின்னு சொன்னாங்களான்னு. 'பெரிய சார்கிட்ட கேட்டுட்டேன், வா'ன்னு நீங்க சொன்னதைச் சொன்னேன். அவங்க, 'அதை உங்க மேடம் சொல்லணும்'னுட்டாங்க."

சுட்ட கம்பியிலிருந்து கையை எடுத்தேன்.

"சொல்லுவீங்களான்னு நான் கேட்கல மேடம்." காலை மடக்கிப் பிடித்துக்கொண்டாள். "பேசக் கூடாதுல்ல?"

*

மறுநாள் காலை, கதவைப் பூட்டிக்கொண்டு நான் இறங்கும்போது வாசலில் அக்காவின் கார் நின்றது.

"ஏறு. நான் விட்டுடறேன்."

"பஸ் இருக்குக்கா."

"ஏறுடி. காரைக் கண்டாக் கடிக்குதா?"

ஏறினேன். அக்கா தலை வாரியிருந்தாள், ஆனால் பின்பக்கம் சரியாக வாரவில்லை. அப்படி அவளை நான் பார்த்ததில்லை. கொஞ்ச தூரம் விலைவாசியைப் பற்றியும் முன்னால் பைக் ஓட்டிப் போகிறவனைப் பற்றியும் பேசினாள். சிக்னலில் நின்றபோது விஷயத்துக்கு வந்தாள்.

"ராத்திரி முழுக்க அவர் தூங்கல. எழுந்து எழுந்து உக்கார்றார். நெஞ்சைப் பிடிச்சுக்கறார்."

"டாக்டர்கிட்ட காட்டு."

"டாக்டர் என்னடி பண்ணுவார்? மாத்திரை உன் வாயிலதான் இருக்கு."

பச்சை விழுந்தது. பின்னால் ஒலியெழுப்பினார்கள். அக்கா வண்டியை எடுத்தாள்.

"அவரைத் தூக்கிட்டா வேற எந்தக் கல்லூரியும் எடுக்காதாமே. எடுக்கணும்னா ஏன் எடுக்கறோம்னு அந்தக் கல்லூரி சம்மேளனத்துக்கு விளக்கம் சொல்லணுமாம். எவன் சொல்லுவான்? பெரியவனுக்கு இன்னும் ரெண்டு வருஷப் படிப்பு இருக்கு. சின்னவளுக்கு ஆரம்பமே ஆகல. உனக்குப் புரியாது. உனக்கென்ன, பிள்ளையா குட்டியா?"

சொல்லிவிட்டு உதட்டைக் கடித்துக்கொண்டாள். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். கடைகளின் கதவுகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"அப்படிச் சொல்ல வரலடி."

"பரவாயில்ல."

"உன்னை இந்த வேலைக்கு யாரு கொண்டுவந்தது? நாலாவதா வந்தவளுக்கு யாருடி வேலை கொடுத்தா? அவர்தானே போய் நின்னார்?"

"ஆமாம்."

"அந்த நன்றியாவது இருக்க வேண்டாமா? வந்தவ யாரு, நாளைக்கு உன்னைத் திரும்பிப் பார்ப்பாளா? ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தா தன் பிள்ளை தானே வளரும்னு சொல்றதெல்லாம் சொல்றதுக்குத்தான்."

"அன்னிக்கு நீயும் இருந்தேக்கா."

"எங்கே?"

"ஞாயித்துக்கிழமை. உங்க வீட்டுல. அத்தான் கை கழுவிட்டு இருந்தார். நீ தட்டெல்லாம் எடுத்துட்டிருந்தே. அவர் சொன்னதும் நீதான் சொன்னே, 'பாவம்டி, கூட்டிட்டுப் போ, பொட்டைப் பிள்ளை எங்க போவா'ன்னு."

அக்கா சாலையைப் பார்த்து ஓட்டினாள். கல்லூரி வாயிலில் காவலர் தடுப்பைத் தூக்கினார். இயக்குநரின் மனைவிக்குச் சலாம் வைத்தார். அக்கா வழக்கம்போலத் தலையசைத்தாள். கார்கள் நிற்கும் இடத்தின் கோடியில், கால்பந்து அரங்கத்தின் நிழலில், வண்டியை நிறுத்தினாள். இயந்திரத்தை அணைக்கவில்லை.

"எனக்கு அது ஞாபகம் இல்ல" என்றாள்.

அவள் பொய் சொல்லவில்லை. அதை அவள் முகத்தில் பார்த்தேன். நேற்று ராத்திரி கட்டிலில் புரண்டு படுத்து, அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பாத்திரத்தைத் தேய்ப்பதுபோலத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்துவிட்டிருக்கிறாள். அத்தானும் அப்படித்தான். சம்மேளனம் ஓட்டத்தை ஓடவில்லை என்று ஆக்கிவிடுவது பெரிய ஆச்சரியமில்லை. வீடுகளில் இதைத் தினமும் செய்கிறார்கள்.

"நீ பொய் சொல்ல வேண்டாம்" என்றாள் அக்கா. குரல் இளகியிருந்தது. சின்ன வயதில் காய்ச்சலில் படுத்திருக்கும்போது கஷாயம் குடிக்க வைக்க இந்தக் குரலில்தான் பேசுவாள். "அவ கெஞ்சினான்னு சொல்லச் சொல்றாரு அவர். வேண்டாம், அந்தப் பாவம் உனக்கு எதுக்கு? அந்தப் பொண்ணைப் பத்தி ஒண்ணும் சொல்லாதே. 'யாரையாவது கேட்டீங்களா'ன்னா, ஞாபகம் இல்லைன்னு சொல்லு. அவ்வளவுதான். நாலு வார்த்தை கூட இல்ல. ஞாபகம் இல்லைங்கறது பொய்யாடி? வயசாகுது, வேலை ஜாஸ்தி, மறந்து போகும். யாரும் உன்னைக் குத்தம் சொல்ல முடியாது."

அவள் சொல்வது எவ்வளவு எளிது என்று எனக்கும் தெரிந்தது. என் ஞாபகம் இல்லாவிட்டால் அந்தப் பெண்ணின் பேச்சு தனியாக நிற்கும். தனியாக நிற்பது விழும். யாரும் தள்ளாமலே விழும். அத்தான் கேட்டதற்குத் தள்ள ஒரு கை வேண்டும். அக்கா கேட்பதற்குக் கையே வேண்டாம்.

உண்மையைச் சொன்னால் மட்டும் என்ன ஆகும்? அத்தான் போவார். அவர் இடத்தில் இன்னொருவர் வருவார், அவரும் கால்பந்தைத்தான் காப்பாற்றுவார். கார் வியாபாரிக்கு அப்போதும் நேரமிருக்காது. கோப்பையைத் திருப்பித் தருவதாக வாக்குக் கொடுத்தாகிவிட்டது. கல்லூரி எதையாவது திரும்பக் கேட்டுப் பார்த்ததுண்டா? அந்தப் பெண் ஓடலாம், அவ்வளவுதான். வேறொரு பயிற்சியாளரிடம்; அத்தான் போனால் என் வேலையும் போகும். என் அக்கா என்னோடு பேச மாட்டாள். இதில் நியாயம் ஜெயிப்பதாக எனக்குத் தோன்றவில்லை. கசப்பைத் தவிர நாக்கில் எதுவும் இல்லை.

"அக்கா, நீ கிளம்பு. வெயில் ஏறுது."

"பதில் சொல்லிட்டுப் போ."

கட்டிடத்தின் படியில் வக்கீல் நின்றுகொண்டிருந்தார். எங்கள் காரைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"நான் உன்னைக் கேட்கறது இதுதான் முதல் தடவை" என்றாள் அக்கா. அவள் கண் நிறைந்துவிட்டது. "வாங்கினது எல்லாம் நீ. கேட்டதில்ல நான். உண்டா இல்லையா?"

"உண்டு."

"ஞாபகம் இல்லைன்னு சொல்லிடு. என் கண்ணுல்ல."

அவள் கன்னத்தில் ஒட்டியிருந்த முடியை எடுத்துக் காதுக்குப் பின்னால் விட்டேன். பின்பக்கம் சிக்கலாக இருந்ததைக் கொஞ்சம் விரலால் நீவினேன். அக்கா என் கையைத் தட்டிவிடவில்லை. சம்மதம் என்று நினைத்துக்கொண்டாளோ என்னவோ, மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள்.

"எனக்கு நல்லா ஞாபகம் இருக்குக்கா" என்றேன்.

கதவைத் திறந்துகொண்டு இறங்கினேன்.